கிங்ஸ்நேக்கின் ஊரும் வம்சமும்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொளத்தூரில் அலங்கார மீன் வளர்ப்பவர்களிடம் ஒரு கப்பி மீனைக் காட்டி "இது என்ன ஸ்ட்ரெயின்?" என்று கேட்டால், பழக்கப்பட்டவர் தொட்டிக்குள் பார்ப்பதற்கு முன்பே "யார்கிட்ட வாங்கினே?" என்று திருப்பிக் கேட்பார். மீனின் வாலும் நிறமும் பாதி விவரத்தைத்தான் சொல்லும். மீதி, அது எந்தத் தொட்டியிலிருந்து வந்தது, அந்தத் தொட்டியில் வேறு எவையெல்லாம் நீந்தின என்பதில் இருக்கிறது. மொட்டை மாடியில் சிமெண்ட் தொட்டிகளை வைத்துக்கொண்டு பல ஆண்டுகளாகக் கப்பி வளர்த்துவரும் எனக்குக் கிங்ஸ்நேக் என்னும் அமெரிக்கப் பாம்பின் மீது ஆர்வம் வந்ததும் இதே கேள்வியின் வழியாகத்தான். என்னிடம் பாம்பு இல்லை. பெரம்பூரில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இரண்டு இருக்கின்றன. அவை உரித்துப் போடும் சட்டைகள் என்னிடம் உறை உறையாக இருக்கின்றன.

எனக்கு வரும் பாம்புப் படங்களோடு சேர்ந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "இது எந்த ஊர் வகை?" அதற்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பாம்பு எந்த இனம் என்பது ஒன்று. அதன் முன்னோர் எந்த நிலப்பகுதியில் பிடிக்கப்பட்டவை என்பது இரண்டாவது. கூண்டுக்குள் எத்தனை தலைமுறையாக, எவற்றோடு இணைந்து வந்தது என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குப் பாம்பின் உடலே பெரும்பாலும் பதில் தந்துவிடும். இரண்டாவதற்கு உடல் ஒரு சந்தேகக் குறிப்பை மட்டும் தரும். மூன்றாவதற்குக் காகிதத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது. கீழே உள்ளவற்றை இந்த வரிசையிலேயே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வரிசையைத் தலைகீழாக்கி, கடைக்காரர் சொன்ன ஊர்ப் பெயரிலிருந்து தொடங்கியவர்களே அதிகம் ஏமாந்திருக்கிறார்கள்.

தொடங்குமுன்: கையை எடுக்க வேண்டிய இடம்

பெயரைக் கேட்டதும் ராஜநாகத்தை நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் உறவு இல்லை. ராஜநாகம் நாகக் குடும்பத்தைச் சேர்ந்த கொடிய நச்சுப்பாம்பு. கிங்ஸ்நேக் நஞ்சற்றது, இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்வது, வட அமெரிக்காவையும் மெக்சிகோவையும் தாயகமாகக் கொண்டது. மற்றப் பாம்புகளைத் தின்னும் பழக்கம் மட்டுமே இரண்டுக்கும் பொது. அந்தப் பழக்கத்தால்தான் இரண்டுக்கும் அரசப் பட்டம் கிடைத்தது. கிங்ஸ்நேக் தன் நாட்டின் கிலுகிலுப்பை விரியனைக்கூட விழுங்கும். அந்த விரியனின் நஞ்சைத் தாங்கும் தன்மை அதன் இரத்தத்தில் உண்டு. தன் இனத்தையே தின்னவும் தயங்காது என்பதால், இணை சேர்க்கும் நேரம் தவிர இரண்டை ஒரே பெட்டியில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

ராஜநாகக் குழப்பம் பெயரோடு போய்விடும். கட்டுவிரியனோடு வரும் குழப்பம் உயிரோடு போகும். படங்களில் அதிகம் காணப்படும் கலிஃபோர்னியா கிங்ஸ்நேக் கறுப்பு உடலில் வெள்ளைப் பட்டைகள் கொண்டது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புழல், மாதவரம், மணலி பக்கத்து வீடுகளுக்குள் நுழையும் கட்டுவிரியனும் பளபளக்கும் கறுப்பில் வெள்ளைக் கோடுகள் கொண்டதுதான். நம் தெருவில், குளியலறையில், கிடங்கில் பட்டை போட்ட பாம்பைக் கண்டால் அது கிங்ஸ்நேக்காக இருக்கும் வாய்ப்பை முற்றிலும் மறந்துவிட வேண்டும். விலகி நின்று தீயணைப்பு நிலையத்தையோ வனத்துறையையோ அழைக்க வேண்டும். கட்டுவிரியனின் வெள்ளைக் கோடுகள் மெல்லியவை, பல இடங்களில் இரண்டிரண்டாக அமைந்தவை, தலைப்பக்கம் மங்கிவிடுபவை. அடிவயிறு வெறும் வெள்ளையாக இருக்கும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனுக்கோ பட்டைகள் கழுத்துப் பக்கம் தெளிவாக இருந்து வால் பக்கம் மங்கும். இந்த வேறுபாடுகள் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கானவை, பாம்பின் அருகே குனிந்து பார்ப்பதற்கானவை அல்ல.

சட்டத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல்ல பாம்பு, சாரை போன்ற நம் ஊர்ப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு உயிரினங்களை உரிய அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவருவதும் குற்றம்; சென்னை விமான நிலையத்தில் பயணியின் பெட்டிக்குள் துணிப்பைகளில் கட்டிய பாம்புகள் பிடிபட்ட செய்தியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் வனத்துறையிடம் எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்தாகவே வாங்கி வைத்துக்கொள்ளவும். பெட்டிக்குள் வந்த பாம்புக்கு வம்சாவளிக் காகிதம் இருக்காது என்பதால், சட்டம் தடுக்காவிட்டாலும்கூட இந்தக் கட்டுரை பேசும் விஷயத்துக்கு அது உதவாது.

படி 1: பெயர்ச்சீட்டைப் படித்தல்

கிங்ஸ்நேக்குகளின் பேரினப் பெயர் லாம்ப்ரோபெல்டிஸ். கிரேக்கத்தில் பளபளக்கும் கேடயம் என்று பொருள். செதிலின் மினுக்கத்தைப் பார்த்து வைத்த பெயர். லின்னேயஸ் 1766இல் பெயரிட்ட கெட்டுலா என்ற இனம், அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை பரவிய ஒரே இனமாகவும், வட்டாரத்துக்கு வட்டாரம் துணையினங்கள் கொண்டதாகவும் நெடுங்காலம் கருதப்பட்டது. 2009இல் பைரன், பர்பிரிங்க் என்ற இரு ஆய்வாளர்கள் அதை ஐந்து தனி இனங்களாகப் பிரித்தார்கள்: கிழக்கில் கெட்டுலா, அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே நிக்ரா, மிசிசிப்பிச் சமவெளியில் ஹோல்புரூக்கி, டெக்சாஸ் முதல் அரிசோனா வரை ஸ்ப்ளெண்டிடா, அதற்கும் மேற்கே கலிஃபோர்னியே.

புதியவருக்கு இதனால் வரும் சிக்கல் எளிமையானது. பழைய சீட்டில் "லாம்ப்ரோபெல்டிஸ் கெட்டுலா கலிஃபோர்னியே" என்று மூன்று சொற்களும், புதிய சீட்டில் "லாம்ப்ரோபெல்டிஸ் கலிஃபோர்னியே" என்று இரண்டு சொற்களும் இருக்கும். இரண்டும் ஒரே பாம்புதான். ஒன்று அரிது, மற்றது சாதாரணம் என்று விலையில் வேறுபாடு காட்டுபவரிடம் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். பால் பாம்பு என்று பொருள்படும் மில்க்ஸ்நேக்கும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். முன்பு இருபத்தைந்து துணையினங்களாகப் பட்டியலிடப்பட்ட அதை 2014இல் ஏழு இனங்களாக மாற்றி அமைத்தார்கள். அங்கும் பழைய பெயர்கள் வளர்ப்பவர்களிடையே அப்படியே புழங்குகின்றன. பழைய பெயரில் வட்டாரம் ஒட்டிக்கொண்டிருப்பதால் அது புழங்குவது ஒருவகையில் நல்லதுதான் என்பது என் கருத்து. பெயர் புதுப்பிக்கப்படும்போது பல சீட்டுகளில் வட்டாரம் உதிர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

படி 2: உடலின் கோலத்தைப் படித்தல்

பாம்பை, அல்லது அதன் படத்தை, பகல் வெளிச்சத்தில் மூன்று கோணங்களில் பார்க்க வேண்டும்: மேலிருந்து, பக்கவாட்டில், அடிவயிற்றில். மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தில் எல்லா வெள்ளையும் மஞ்சளாகிவிடும் என்பதால் அத்தகைய படத்தை வைத்து எதையும் சொல்லக் கூடாது.

கிழக்கத்திய கிங்ஸ்நேக் கறுப்பு உடலில் மெல்லிய வெள்ளைக் குறுக்குக் கோடுகள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று இணைந்து சங்கிலி கோத்ததுபோல் இருக்கும். ஹோல்புரூக்கிக்குச் செதிலுக்கு ஒரு மஞ்சள் புள்ளி. கறுப்பு அம்மியில் ரவை சிந்தியதைப்போலத் தெரியும். நிக்ராவில் அந்தப் புள்ளிகள் தேய்ந்து, வளர்ந்த பாம்பு ஏறக்குறைய முழுக் கறுப்பாகிவிடும். ஸ்ப்ளெண்டிடாவுக்குத் தலை கறுப்பு, முதுகில் கறுப்புத் திட்டுகள், பக்கங்களில் மட்டும் பொடிப் புள்ளிகள். ஃப்ளோரிடாவின் தென்பகுதிப் பாம்புகளில் ஒவ்வொரு செதிலின் அடிப்பகுதியும் வெளிறியிருப்பதால் வயது ஏற ஏறப் பட்டைகள் கரைந்து உடல் முழுவதும் தேன் நிறமாகும். 1919இல் புரூக்சி என்று தனிப்பெயர் பெற்ற அந்த வடிவத்தை இன்று வகைப்பாட்டாளர்கள் தனியாகக் கருதாவிட்டாலும் வளர்ப்பவர்கள் விடவில்லை.

மலைப்பகுதிக் கிங்ஸ்நேக்குகள் சிவப்பு, கறுப்பு, வெள்ளை என மூன்று நிற வளையங்கள் கொண்டவை. அவற்றில் மூக்கைப் பார்த்தால் பெரும்பாலும் போதும்: அரிசோனா மலை வகைக்கு மூக்கு வெளிறியிருக்கும், கலிஃபோர்னியா மலை வகைக்குக் கறுத்திருக்கும்.

கலிஃபோர்னியா கிங்ஸ்நேக்கில்தான் புதியவர்கள் திணறுவார்கள். அதில் பட்டை போட்டதும் உண்டு, தலை முதல் வால் வரை முதுகில் ஒற்றை வெள்ளைக் கோடு ஓடுவதும் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே இனம் என்று நம்ப மனம் வராது. அறிவியலாளர்களும் நம்பவில்லை, கோடு போட்டதற்குக் கலிஃபோர்னியே என்றும் பட்டை போட்டதற்குப் பாய்லி என்றும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். சான் டியேகோவில் பாம்புகளை ஆராய்ந்த லாரன்ஸ் கிளாபர் 1930களில் ஒரே தாயின் முட்டைகளிலிருந்து கோடு போட்ட குட்டியும் பட்டை போட்ட குட்டியும் வெளிவருவதைக் காட்டி அந்தப் பிரிவினையை முடித்துவைத்தார்.

இதைப் பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. டெக்சாஸின் சாம்பல் பட்டைக் கிங்ஸ்நேக்கிலும் இதுவே நடந்தது. 1901இல் ஆல்டெர்னா என்று பெயர் பெற்ற பாம்பு மெல்லிய கறுப்புப் பட்டைகள் கொண்டது. 1950இல் அகலமான ஆரஞ்சுத் திட்டுகள் கொண்ட இன்னொன்று பிளேரி என்ற புது இனமாக அறிவிக்கப்பட்டது. பிறகு இரண்டும் ஒரே முட்டைத் தொகுதியில் பிறப்பது தெரியவந்தது. மெக்சிகோவின் நியூவோ லியோன் பகுதிப் பாம்பு இன்னும் ஒரு படி மேலே போய், உடன்பிறந்த குட்டிகளில் ஒன்று மில்க்ஸ்நேக் போலவும், ஒன்று திட்டுத் திட்டாகவும், ஒன்று முழுக் கறுப்பாகவும் பிறக்கும். ஆகவே "இரண்டும் வேறு வேறு மாதிரி இருக்கின்றன, அதனால் வேறு வேறு ஊர்" என்ற முடிவுக்கு யாரும் வரக் கூடாது. "இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன, அதனால் ஒரே ஊர்" என்பதற்கும் அதே விதிதான்.

படி 3: சட்டையை ஒளியில் பார்த்தல்

என் விருப்பமான வேலை இது. பாம்பைத் தொடாமல், அதற்குத் தொந்தரவு கொடுக்காமல், நேரம் எடுத்துப் பார்க்க முடியும். பாம்பு உரித்த சட்டையை உடனே எடுத்துவிட வேண்டும்; காய்ந்தால் மடிப்பு மடிப்பாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் ஒரு தட்டில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, கால் மணி நேரம் ஊறவைத்து, விரலால் இழுக்காமல் தண்ணீருக்குள்ளேயே மிதக்கவிட்டுப் பிரிக்கலாம். பிறகு கண்ணாடிப் பலகையில் விரித்து, அடியிலிருந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சட்டை உள்வெளியாகத் திரும்பி உரிவதால், இடமும் வலமும் மாறித் தெரியும். படம் எடுத்துக் குறிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். உரியும்போது சட்டை நன்றாக இழுபடும் என்பதால் அதை அளந்து பாம்பின் நீளம் இவ்வளவு என்று எழுதவும் கூடாது.

நடு உடலில் வயிற்றுத் தட்டை ஒட்டிய செதிலிலிருந்து தொடங்கி, சாய்வாக மேலேறி முதுகைக் கடந்து மறுபக்கம் இறங்கும் வரை செதில்களை எண்ணவும். கலிஃபோர்னியா கிங்ஸ்நேக்குக்கு 23 அல்லது 25 வரிசை வருவது வழக்கம். கட்டுவிரியனுக்கு 15தான் வரும், எப்போதாவது 17. செதிலின் நடுவில் முகடு இல்லாமல் வழவழப்பாக இருக்கிறதா என்று பார்க்கவும். அடுத்து, வயிற்றுத் தட்டுகள் முடியுமிடத்தில் மலவாயை மூடியிருக்கும் தட்டைப் பார்க்கவும்: கிங்ஸ்நேக்குக்கு அது ஒற்றைத் தட்டு. அதற்குப் பின்னால் வாலின் அடியில் உள்ளவை இரண்டிரண்டாகப் பிரிந்திருக்கும். கட்டுவிரியனுக்கு அவையும் ஒற்றையாக இருக்கும். கடைகளில் கிங்ஸ்நேக்கோடு சேர்த்து விற்கப்படும் கார்ன் ஸ்நேக்குக்கு மலவாய்த் தட்டு இரண்டாகப் பிரிந்திருக்கும், முதுகுச் செதிலில் மெல்லிய முகடும் தெரியும்.

இந்தச் சட்டை விஷயத்தில் நான் சறுக்கியதையும் சொல்ல வேண்டும். நண்பரின் இரண்டாவது பாம்பு முழுக் கறுப்பு. மெக்சிகோவின் சொனோரா பகுதியைச் சேர்ந்த மெக்சிகன் பிளாக் கிங்ஸ்நேக் என்று சொல்லி விற்றிருந்தார்கள். அந்த வடிவத்துக்கு 1955இல் நிக்ரிட்டா என்று பெயர் வைக்கப்பட்டது. வெயிலில் நீலமும் ஊதாவும் ஓடும் கறுப்பு. படத்தைப் பார்த்தேன், நேரிலும் பார்த்தேன், "சந்தேகமே இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். நான்கு மாதம் கழித்து அதன் சட்டை ஒன்றைக் கண்ணாடியில் விரித்து டார்ச் அடித்தபோது, கறுப்புச் சாயம் படிந்த சட்டையின் குறுக்கே, ஏறக்குறையச் சம இடைவெளிகளில், சாயம் படியாத செதில்கள் வரிசையாகத் தெரிந்தன. வெளியே கறுப்பில் மூழ்கியிருந்த பட்டைகள் உள்ளே அப்படியே இருந்தன. தூய சொனோரா வம்சத்திலும் குட்டிகளுக்கு மங்கலான புள்ளிகள் இருந்து வளர வளர மறையும் என்பதால் இதை மட்டும் வைத்துக் கலப்பு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் "சந்தேகமே இல்லை" என்று எழுதியது தவறு; அந்தச் சீட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டேன்.

படி 4: விற்பனைப் பெயரைப் பிரித்தெடுத்தல்

ஒரு கிங்ஸ்நேக்கின் பெயரில் நான்கு வகைச் சொற்கள் கலந்திருக்கும். இனப் பெயர் ஒன்று. ஊர்ப் பெயர், அதாவது லோகாலிட்டி, ஒன்று. மார்ஃப் என்னும் மரபணு மாற்றத்தின் பெயர் ஒன்று: அல்பினோ என்னும் வெளிறல், ஊதா வெளிறல் போன்றவை. நான்காவது, வளர்ப்பவர் பல தலைமுறை தேர்ந்தெடுத்து உருவாக்கிய வம்சவழிக்கு அவரே வைத்த பெயர். மஞ்சள் தூக்கலாக இருக்கும் கலிஃபோர்னியா பாம்புகளுக்கு "பனானா" என்று வைத்ததுபோல. "டெசர்ட்", "கோஸ்டல்" என்ற சொற்களைத்தான் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். கரிய கறுப்பும் தூய வெள்ளையும் கொண்டது பாலைவன வகை, பழுப்பும் வெண்ணெய் நிறமும் கொண்டது கடற்கரை வகை என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் கூண்டில் பிறந்த பாம்பின் சீட்டில் அந்தச் சொல் நிறத்தை மட்டும் குறிக்கிறது. அதன் பாட்டி பாலைவனத்தைப் பார்த்தது என்று பொருள் இல்லை. நம் ஊரில் பாதி மிட்டாய்க் கடைகளில் திருநெல்வேலி அல்வா கிண்டுவது இங்கேதான் என்பதை நினைத்துக்கொண்டால் புரியும்.

ஊரை உண்மையிலேயே காப்பாற்றுபவர்கள் எப்படி எழுதுவார்கள் என்பதற்குச் சாம்பல் பட்டைக் கிங்ஸ்நேக் வளர்ப்பவர்களைப் பார்க்க வேண்டும். மேற்கு டெக்சாஸில் இரவில் சாலையோரப் பாறை வெட்டுகளில் டார்ச் அடித்துக்கொண்டு தேடிய அவர்கள், பாம்பு கிடைத்த சாலை, மாவட்டம், ஊரிலிருந்து எத்தனை மைல் என்பதுவரை எழுதி, அந்த விவரத்தைக் குட்டிகளோடு தலைமுறை தலைமுறையாகக் கடத்துகிறார்கள். லாங்ட்ரி, ரிவர் ரோடு, பிளாக் கேப் என்ற பெயர்கள் அவர்களிடம் குடும்பப் பெயர்போலப் புழங்கும். தாய் ஒரு சாலையிலும் தந்தை வேறு சாலையிலும் கிடைத்தவை என்றால் குட்டியின் சீட்டில் இரண்டு சாலைகளையும் பெருக்கல் குறி போட்டு எழுதுவார்கள். அவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்கலாம். பாம்பின் தோற்றம் ஊரைக் காட்டிக்கொடுக்காத இனத்தில் வேறு வழி இல்லை.

படி 5: வம்சத்தைக் கேட்டு வாங்குதல்

வியாசர்பாடியில் பந்தயப் புறா வளர்ப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: குஞ்சாக இருக்கும்போதே காலில் வளையம் போட்டுவிட்டால் ஆயுள் முழுக்க எண் கூடவே இருக்கும். பாம்புக்குக் கால் இல்லை. ஆகவே காகிதத்தில் உள்ள பாம்புதான் பெட்டியில் உள்ள பாம்பு என்பதற்குப் படம் வேண்டும். தலையின் மேற்புறமும் கழுத்தை அடுத்த முதல் பத்துப் பட்டைகளும் தெரியும்படி குட்டியில் எடுத்த படம். பட்டைகளின் வடிவம் ஒவ்வொரு பாம்புக்கும் வேறு, வளர்ந்தாலும் பெரும்பாலும் மாறாது.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. பெற்றோர் இரண்டையும் காட்ட முடியுமா, அல்லது அவற்றின் படங்களாவது உண்டா? முட்டை இட்ட நாள், குட்டி வெளிவந்த நாள் எவை? கிங்ஸ்நேக் முட்டை 27 முதல் 29 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுமார் இரண்டு மாதத்தில் பொரியும். இரண்டு தேதிகளுக்கும் இடையே இருபது நாள்தான் இருக்கிறது என்றால் யாரோ நாள்காட்டியைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார்கள். உடன்பிறந்த குட்டிகள் எத்தனை, அவை எப்படி இருந்தன? அந்தப் பெண் பாம்பு அந்த ஆண்டிலும் அதற்கு முந்தைய ஆண்டிலும் வேறு எந்த ஆணோடு விடப்பட்டது? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டால் சிலர் கோபப்படுவார்கள், ஆனால் கேட்க வேண்டும். பெண் பாம்புகள் விந்தை உடலில் தேக்கி வைக்கக் கூடியவை. ஒரே முட்டைத் தொகுதிக்கு இரண்டு தந்தைகள் அமைவதும் பாம்புகளில் உண்டு.

"இங்கேயே, சென்னையிலேயே பிறந்தது" என்று சொல்பவரிடம் இன்னொன்று கேட்கலாம்: "குளிரில் எதில் வைத்தீர்கள்?" இந்தப் பாம்புகளின் தாயகத்தில் குளிர்காலம் உண்டு, இணை சேர்ப்பதற்கு முன் இரண்டு மூன்று மாதம் 10 முதல் 13 பாகையில் உறங்கவைப்பது வளர்ப்பவர்களின் வழக்கம். நம் மார்கழி இரவுகூட 20 பாகைக்குக் கீழே இறங்கத் தயங்கும். குளிர்ப்பெட்டி வைத்து வளர்ப்பவர் அந்தக் கேள்வியைக் கேட்டால் மின்கட்டணம் வரை விரிவாகப் பேசுவார். குளிரில்லாமலும் சில ஜோடிகள் முட்டையிடும் என்பதால் இதை ஒரு சோதனையாகக் கொள்ளாமல், பேச்சைத் தொடங்கும் கேள்வியாகக் கொள்ளவும்.

அடுத்து "ஹெட்" என்ற சொல். வெளியே தெரியாத ஒரு மரபணுவை ஒரு பிரதி மட்டும் சுமக்கும் பாம்பு ஹெட் எனப்படும். இரண்டு ஹெட் பாம்புகள் இணைந்தால் நான்கில் ஒரு குட்டி வெளிறலாகப் பிறக்கும் வாய்ப்பு; சாதாரணமாகத் தெரியும் மற்ற மூன்றில் இரண்டு ஹெட்டாக இருக்கும். எந்த இரண்டு என்று கண்ணால் சொல்ல முடியாததால் மூன்றையும் "66 சதவீத ஹெட்" என்று விற்பார்கள். அந்தச் சதவீதம் குலுக்கலில் உள்ள வாய்ப்பு. பாம்பின் இரத்தத்தில் உள்ள அளவு அல்ல. பெற்றோரில் ஒன்று வெளிறலாக இருந்தால் சாதாரணமாகத் தெரியும் எல்லாக் குட்டிகளும் நூறு சதவீத ஹெட். பெற்றோரின் சான்று இல்லாமல் எழுதப்பட்ட எந்த ஹெட்டுக்கும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். வெளிறிய இரண்டு பாம்புகளை இணைத்தும் சாதாரணக் குட்டிகளே பிறந்தால் பதற வேண்டாம். இரண்டும் வெவ்வேறு மரபணுவால் வெளிறியவை என்று பொருள், அதையும் வம்சக் குறிப்பில் எழுதிவிட வேண்டும்.

படி 6: கலப்பைச் சந்தேகித்தல்

கிங்ஸ்நேக்குகள் கூண்டில் நெருங்கிய உறவினங்களோடு எளிதில் கலக்கும். கலிஃபோர்னியா கிங்ஸ்நேக்கையும் கார்ன் ஸ்நேக்கையும் இணைத்து "ஜங்கிள் கார்ன்" என்ற பெயரில் விற்கிறார்கள். இரண்டும் வேறு வேறு பேரினங்கள் என்றாலும் அந்தக் குட்டிகள் வளர்ந்து தாமும் முட்டையிடும். வெளிப்படையாகக் கலப்பு என்று சொல்லி விற்பதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. மூன்றாவது தலைமுறையில் பாட்டியின் பெயர் சீட்டிலிருந்து நழுவி, பேத்தி தூய பாம்பாக விற்கப்படும்போதுதான் தலைவலி தொடங்குகிறது. தலை வழக்கத்தைவிட ஒடுங்கி நீண்டிருப்பது, ஒற்றையாக இருக்க வேண்டிய மலவாய்த் தட்டில் பிளவு, வழவழப்பான செதிலில் முகடு, பட்டைகளின் ஓரத்தில் அந்த இனத்துக்குப் பொருந்தாத செம்மை ஆகியவற்றைக் கண்டால் குறித்துக்கொள்ளவும். இவை எதுவும் இல்லாததால் தூயது என்று ஆகிவிடாது. தாய்வழி மட்டுமே செல்லும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவைப் பரிசோதித்தாலும் தந்தை பக்கத்துக் கலப்பு அதில் தெரியாது.

வளர்ப்பு வம்சம் வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனேரியாத் தீவு சாட்சி. வளர்ப்பிலிருந்து தப்பிய கலிஃபோர்னியா கிங்ஸ்நேக்குகள் அங்கே பெருகி, அந்தத் தீவுக்கே உரிய பெரிய பல்லியினத்தைப் பல இடங்களில் காணாமல் அடித்துவிட்டன. பிடிபட்டவற்றில் வெளிறல்களும் முதுகுக்கோடு போட்டவையும் ஏராளம். காட்டில் அபூர்வமான, கடைகளில் மலிந்த வடிவங்கள் அவை. அவற்றின் வம்சத்தைச் சொல்லக் காகிதம் தேவைப்படவில்லை. வைத்துக்கொள்ள முடியாமல் போன பாம்பை ரெட்டேரிக் கரையிலோ புழல் ஏரிப் பக்கமோ விட்டுவிடலாம் என்று யோசிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வனத்துறைக்குத் தொலைபேசியில் பேசவும்.

படி 7: சீட்டை எழுதுதல்

ஒரு பாம்புக்கு ஓர் அட்டை, ஓர் உறை. உறையில் முதல் நல்ல சட்டையின் கழுத்துப் பகுதியும் வால் பகுதியும், உரித்த தேதியோடு. ஈரம் போகக் காயவைத்துப் போடாவிட்டால் கடற்காற்றில் பூஞ்சை பிடித்துவிடும். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அட்டையில் பார்த்ததை ஒரு பக்கமும், கேட்டதை மறுபக்கமும் எழுதவும். செதில் எண்ணிக்கை, நிறம், கோலம் ஆகியவை பார்த்த பக்கம். ஊர், பெற்றோர், ஹெட் ஆகியவை கேட்ட பக்கம், யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதோடு. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதியதால் குழம்பிப்போன அட்டைகளைப் பிறகு பிரிக்க முடிந்ததே இல்லை.

பெரம்பூர் நண்பரின் கறுப்புப் பாம்புக்கு இப்போது உள்ள அட்டையில் பார்த்த பக்கம் நிறைய எழுதியிருக்கிறது: முதுகு வரிசை 23, மலவாய்த் தட்டு ஒற்றை, வெளித்தோற்றம் முழுக் கறுப்பு, தாடையில் மூன்று வெள்ளைச் செதில்கள், சட்டையில் ஒளி ஊடுருவும் குறுக்கு வரிசைகள். கேட்ட பக்கத்தில் ஒரே வரி: "மெக்சிகன் பிளாக் என்று விற்றவர் சொன்னார், பெற்றோர் படம் இல்லை." அதற்குக் கீழே நண்பர் பென்சிலால் "இணை சேர்க்க வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார்.